பிரிண்டரில் இங்க் எவ்வளவு இருக்கிறது?

கம்ப்யூட்டர் வாங்கும்போதே பலரும் பிரிண்டர் ஒன்றையும் சேர்த்து வாங்கி விடுகின்றனர். கம்ப்யூட்டரில் சிறிய பிரச்னை என்றாலும் உடனே கவனிக்கிறோம். பிரிண்டரை மட்டும், ஏதாவது அச்சிட வேண்டிய அவசரம் வரும்போதுதான் திரும்பிப் பார்க்கிறோம். அப்படித் திரும்பிப் பார்த்த ஓர் இரவில் நான் பட்ட பாட்டையும், அதன் பின்னர் கற்றுக் கொண்டவற்றையும் இங்கு எழுதுகிறேன். புதிதாகப் பிரிண்டர் வாங்கியவர்களுக்கு இது நிச்சயம் பயன்படும்.

இரண்டு தவறுகள்

என்னுடைய முதல் பிரிண்டர், கறுப்பு மற்றும் வண்ணம் என இரண்டு கார்ட்ரிட்ஜ்கள் கொண்ட இங்க்ஜெட் பிரிண்டர். வாங்கிய சில மாதங்களில், "இங்க் குறைவாக உள்ளது" என்ற எச்சரிக்கை திரையில் வந்தது. பயந்து போய் அன்று மாலையே புதிய கார்ட்ரிட்ஜ் வாங்கி மாட்டினேன். பழையதைக் குப்பையில் போட்டேன். அதில் இன்னும் பல பக்கங்களுக்கான இங்க் இருந்திருக்கும் என்று கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் நண்பர் பிறகு சொன்னார்.

அடுத்த முறை எச்சரிக்கை வந்தபோது கண்டு கொள்ளவில்லை. அதன் பிறகும் நாற்பது பக்கங்களுக்கு மேல் நன்றாகவே அச்சாயின. "இதெல்லாம் கார்ட்ரிட்ஜ் விற்பதற்கான தந்திரம்" என்று முடிவு செய்து விட்டேன். அதற்கடுத்த கார்ட்ரிட்ஜிலும் எச்சரிக்கை வந்தது. ஓகே பட்டனில் கிளிக் செய்து விட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

இந்த நேரத்தில்தான் என் தங்கை மகள் ஒரு போட்டித் தேர்வு எழுதுவதற்காக எங்கள் வீட்டிற்கு வந்திருந்தாள். மறுநாள் காலை 9 மணிக்குள் தேர்வு மையத்தில் இருக்க வேண்டும். இரவு பத்தரை மணிக்கு, "மாமா, ஹால் டிக்கெட்டை ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுங்க" என்றாள். அச்சாகி வந்த தாளில் அவளுடைய போட்டோ மட்டும் வண்ணத்தில் பளிச்சென்று இருந்தது. பெயர், பதிவு எண், தேர்வு மையத்தின் முகவரி எதுவுமே இல்லை. கறுப்பு இங்க் முழுவதும் தீர்ந்திருந்தது. தெருமுனை ஜெராக்ஸ் கடை பூட்டியாகி விட்டது. காலையில் அது திறப்பதற்குள் அவள் பஸ் ஏறியாக வேண்டும். அவள் ஒன்றும் பேசாமல் அந்தத் தாளையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

சர்வீஸ் நண்பரைப் போனில் எழுப்பினேன். "கறுப்பு கார்ட்ரிட்ஜைக் கழற்றி வெளியே வைத்து விட்டு, மறுபடியும் அச்சிட்டுப் பாருங்க" என்றார். எழுத்துகள் சற்றுப் பழுப்பு கலந்த கறுப்பில் வந்தன. ஆனால் எல்லாமே தெளிவாக இருந்தன. தங்கை மகள் தேர்வு எழுதி விட்டாள். நான்தான் அன்று இரவு தூங்கவில்லை.

எச்சரிக்கை எப்படி வருகிறது?

எச்சரிக்கையை முழுவதும் நம்பியபோது பணம் போனது. நம்பாதபோது மானம் போக இருந்தது. காரணம் இதுதான். பெரும்பாலான இங்க்ஜெட் பிரிண்டர்கள் கார்ட்ரிட்ஜில் உள்ள இங்க்கை நேரடியாக அளப்பதில்லை. அச்சிடும்போது எத்தனை துளிகள் தெளிக்கப்பட்டன என்பதைக் கணக்கிட்டு, மீதி இவ்வளவு இருக்கலாம் என மதிப்பிடுகின்றன. ஒரு துளி என்பது சில பிகோலிட்டர் அளவுதான். ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் ஒரு பிகோலிட்டர்.

கேனன் நிறுவனத்தின், ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனி இங்க் டேங்க் உள்ள பல மாடல்களில், அடியில் ஒரு சிறிய பிரிசம் வைக்கப்பட்டு, அதில் ஒளியைச் செலுத்தி இங்க் குறைந்ததைக் கண்டறியும் வசதி உண்டு. எப்சன் கார்ட்ரிட்ஜ்களில் இந்தக் கணக்கு அதிலுள்ள சிப்பில் பதியப்படுகிறது. எனவே கடையில் ரீபில் செய்து மாட்டினால், திரையில் தெரியும் அளவு தவறாக இருக்கலாம். ஆகவே திரையில் தெரிவது ஒரு மதிப்பீடு என்று எடுத்துக் கொள்ளுங்கள்.

விண்டோஸில் பார்ப்பது எப்படி?

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் ஸ்டார்ட் பட்டனில் கிளிக் செய்து செட்டிங்ஸ் செல்லவும். அங்கு புளூடூத் அண்ட் டிவைசஸ், அதனுள் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். உங்கள் பிரிண்டரின் பெயரில் கிளிக் செய்து, பிரிண்டிங் பிரிபரன்சஸ் என்பதனைத் திறக்கவும். அடுத்து செய்ய வேண்டியது நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும்.

எப்சன்: மெயின்டெனன்ஸ் டேபில், எப்சன் ஸ்டேட்டஸ் மானிட்டர் 3 என்ற பட்டனை அழுத்தினால் அளவுகள் படமாகத் தெரியும்.

கேனன்: மெயின்டெனன்ஸ் டேபில் வியூ பிரிண்டர் ஸ்டேட்டஸ் என்பதனை அழுத்தவும்.

ஹெச்.பி.: பிரிண்டருடன் இன்ஸ்டால் செய்த ஹெச்.பி. புரோகிராமைத் திறந்தால், முகப்பிலேயே அளவு காட்டப்படும்.

மெயின்டெனன்ஸ் டேப் தெரியவில்லையா? விண்டோஸ் தானாகவே ஒரு பொதுவான டிரைவரைப் போட்டிருக்கலாம். நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள்.

வை-பி பிரிண்டர் என்றால் மொபைல் போனிலேயே பார்க்கலாம். எப்சன் ஸ்மார்ட் பேனல், கேனன் பிரிண்ட் போன்ற ஆப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பல மாடல்களில், பிரிண்டரின் ஐ.பி. முகவரியை பிரவுசரில் டைப் செய்து என்டர் தட்டினாலும் இங்க் அளவுடன் ஒரு பக்கம் திறக்கும்.

இங்க் டேங்க் பிரிண்டர் வைத்திருப்பவரா?

பாட்டிலில் இருந்து இங்க் ஊற்றும் பிரிண்டர் என்றால் திரையை நம்ப வேண்டாம். எப்சன் எல்3250 போன்ற மாடல்களில் டேங்கின் முன்புறமே இங்க் மட்டம் தெரியும். அதைக் கண்ணால் பார்ப்பதுதான் சரியான அளவு. கீழ்க் கோட்டிற்கு வரும் முன் நிரப்பி விடுங்கள். கோட்டிற்குக் கீழே சென்ற பின்னும் தொடர்ந்து அச்சிட்டால் பிரிண்டர் பழுதடையலாம். ஊற்றும்போது மேல் கோட்டினைத் தாண்டக் கூடாது. ஊற்றி முடித்ததும் திரையில் வழிமுறை ஏதும் வந்தால், அதன்படி அளவினை ரீசெட் செய்திடுங்கள்.

இந்த மாடலுக்கான 003 கறுப்பு இங்க் பாட்டில் 65 மி.லி. கொண்டது. சுமார் 4,500 பக்கங்கள் வரும் என்று நிறுவனம் கூறுகிறது. இத்தகைய எண்ணிக்கைகள் குறிப்பிட்ட மாதிரிப் பக்கங்களை அச்சிட்டுக் கணக்கிடப்படுபவை. நீங்கள் போட்டோ அதிகம் அச்சிட்டால் பக்கங்கள் குறையும்.

தீர்ந்ததா, அடைப்பா?

எழுத்துகள் கோடு கோடாக விடுபட்டு வந்தால் உடனே கார்ட்ரிட்ஜ் வாங்க ஓடாதீர்கள். மெயின்டெனன்ஸ் பிரிவில் நாஸில் செக் செய்து, வரும் கட்டங்களைப் பாருங்கள். இங்க் இருந்தும் கோடுகள் விடுபட்டிருந்தால் அது அடைப்பு. ஹெட் கிளீனிங் ஒரு முறை செய்து, மீண்டும் நாஸில் செக் செய்திடுங்கள். கிளீனிங்கிற்கே இங்க் செலவாகும் என்பதால் அடுத்தடுத்துப் பல முறை செய்ய வேண்டாம்.

அடைப்பு வராமலிருக்க வாரம் ஒரு முறை வண்ணத்தில் ஒரு பக்கமாவது அச்சிடுங்கள். பிரிண்டரை அதன் பவர் பட்டனால் அணைத்த பிறகே சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள். நேரடியாகச் சுவிட்சை அணைத்தால், இங்க் ஹெட் தன் மூடிக்குள் சென்று அமராமல் உலர்ந்து போகலாம்.

அவசரத்திற்கு உதவும் வழி

எனக்குக் கை கொடுத்தது, இரண்டு கார்ட்ரிட்ஜ் கொண்ட சில பிரிண்டர்களில் உள்ள வசதி. ஹெச்.பி. டெஸ்க்ஜெட் மாடல்கள் பலவற்றில், தீர்ந்ததைக் கழற்றி விட்டால் மற்றதைக் கொண்டு அச்சிடும். கேனன் பிக்ஸ்மாவின் இத்தகைய மாடல்களில், மெயின்டெனன்ஸ் டேபில் இங்க் கார்ட்ரிட்ஜ் செட்டிங்ஸ் சென்று, கலர் மட்டும் அல்லது கறுப்பு மட்டும் எனத் தேர்ந்தெடுக்கலாம். தனித்தனி டேங்க் உள்ள பிரிண்டர்களில் இது போல எதையும் கழற்ற வேண்டாம். உங்கள் பிரிண்டரில் இந்த வசதி உண்டா என்று இன்றே மேனுவலைப் பார்த்துத் தெரிந்து கொள்ளுங்கள். இரவு பத்தரை மணிக்குத் தேட வேண்டாம்.

இப்போது நான் கடைப்பிடிப்பது இதுதான். எச்சரிக்கை வந்தால் புதிய கார்ட்ரிட்ஜை வாங்கி, உறை பிரிக்காமல் அலமாரியில் வைக்கிறேன். அச்சு மங்கும் வரை பழையதையே பயன்படுத்துகிறேன். இங்க் வீணாவது குறைகிறது. முக்கியமான தாள்களை முந்தைய நாள் பகலிலேயே அச்சிட்டு விடுகிறேன்.

தங்கை மகள் இன்றும் வீட்டிற்கு வந்தால், சாப்பிட உட்காரும் முன் கேட்கும் முதல் கேள்வி, "மாமா, இங்க் இருக்கா?" என்பதுதான். அலமாரியைத் திறந்து காட்டுகிறேன்.