நேர்த்தியும் அழைத்தலும்



2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலிலே, பதுங்குகுழிக்குள் கைக்குழந்தையை அணைத்தபடி, “இவன் தப்பினால் குருவாக்குகிறேன், தாயே” என்று மடுமாதாவுக்கு நேர்ந்துகொண்ட தாயொருவர் அண்மையில் என் அலுவலகத்துக்கு வந்தார். மகன் சாதாரண தரம் சித்தியெய்திவிட்டான். “நீங்கள் சொன்னாற் கேட்பான், ஐயா” என்றார். மகனோ நிலத்தைப் பார்த்து நின்றான்.

அத்தாயின் கண்ணீரை எளிதாக எண்ணலாகாது. ஆயினும், நேர்த்தி வேறு. தேவ அழைத்தல் வேறு. நேர்த்தி நேர்ந்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும். குருப்பட்டம் பெறுமாறு எவரையும் நெருக்குதல் தகாது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இவ்விரண்டையும் ஐயத்துக்கிடமின்றிக் கூறுகிறது.

சொந்த விருப்பமுங்கூட உடனே அழைத்தலாகிவிடாது. ஒல்லாந்தர் ஆட்சியிலே குருக்களின்றித் தவித்த இலங்கைக் கத்தோலிக்கருக்குத் தொண்டாற்ற, 1681இல் கோவாவிலே முன்வந்தார் யோசேவ் வாஸ் அடிகள். மேலோர் அவரைக் கன்னடக் கரைக்கு அனுப்பினர். பணிந்து போனார், ஆவல் அவியவில்லை. 1687இலேதான் இலங்கையை அடைந்தார். காலத்தைத் தாங்கிய விருப்பம், பணிக்கேற்ற தகைமை, ஆயரின் ஏற்பு ஆகியன கூடுமிடத்தே அழைத்தல் தெளிவுறும். குருமடத்தின் நீண்ட ஆண்டுகள் இதற்காகவே. இடையில் திரும்பி வருபவனைத் தோற்றவனாகப் பார்ப்பது ஊராராகிய நமது பிழை.

மகனைத் தனியே அழைத்துக் கேட்டேன். “தெரியாது, சேர்” என்றான். நேர்மையான விடை. ஆறுதலாகத் தெரிந்துகொள்ளும்படி கூறினேன். தாயிடம், “நேர்த்தியைப் பங்குக் குருவிடம் சொல்லுங்கள், அம்மா. அதிலிருந்து விடுவிக்க அவருக்கு அதிகாரமுண்டு. ஆவணியிலே மடுத் திருவிழாவுக்கு இருவருமாகப் போய்வாருங்கள்” என்றேன்.

தாய் விடை கூறாது எழுந்தார். மகன் அவருடைய குடையை எடுத்துக்கொண்டு பின்னே போனான்.