மஜ்ஜைக்குள் ஓர் ஆயாக்கொட்டகை

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா என்று மலாக்காவின் தோட்டப்புறங்களில் பிறந்து, இன்று அறுபது பிராயத்தைக் கடந்து நிற்பவர்களுக்கு ஆயாக்கொட்டகையை நான் விவரிக்க வேண்டியதில்லை. இருள் பிரியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டிய தாய், தன் கைக்குழந்தையை அங்கே சேலைத் தொட்டிலில் கிடத்திவிட்டுப் பால்மரக் காட்டுக்குப் போவாள். அதைப் பெறாத ஆயாவோ, ஆகாரம் ஊட்டுவதும் அழுகை அமர்த்துவதுமாக, தாய் திரும்பும் வரையில் அதைக் காத்துக்கொண்டிருப்பாள். 1896-ல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட சங்கதியைத் தோட்டச் சரித்திரம் எழுதுவோர் தவறாமல் சொல்வார்கள். ஆயாக்களைப் பற்றி ஒரு வரி எழுதியவர் அபூர்வம். ரத்தத்தின் சரித்திரத்திலும் ஏறக்குறைய இதே அநியாயம் நடந்திருக்கிறது.

நம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் கோடி சிவப்பணுக்களைப் பிறப்பிக்கிறது. அத்தனைக்கும் மூலம், ஸ்டெம் செல் என்று வழங்கப்படும் சொற்பமான குருத்தணுக்களே என்பதை 1961-ல் கனடாவின் டொரான்டோ நகரில் டில், மெக்கல்லக் என்ற இருவர் எலிகளைக் கொண்டு புலப்படுத்தினார்கள். அதன் பின் விஞ்ஞானிகளின் பார்வையெல்லாம் குருத்தணுவின் மேலேயே பதிந்திருக்க, மஜ்ஜையில் அதைச் சூழ்ந்து கிடந்த ஸ்ட்ரோமா அணுக்கள் வெறும் சாரமரமாகவே எண்ணப்பட்டன. குருத்தணுவைத் தனியே கண்ணாடிக் குடுவையில் இட்டால் அது சில நாட்களில் தன் சுபாவத்தை இழந்துவிடும். மான்செஸ்டரில் மைக்கேல் டெக்ஸ்டரும் அவருடைய சகாக்களும், முதலில் ஸ்ட்ரோமா அணுக்களைக் குடுவையின் அடியில் ஜமுக்காளம் போலப் படரவிட்டு, அதன் மேல் மஜ்ஜை அணுக்களை இட்டுப் பார்த்தபோது, எலியின் குருத்தணுக்கள் மாதக்கணக்கில் ஜீவித்திருந்தன, இது 1977-ல். மறு வருஷமே அதே நகரத்து ரேமண்ட் ஸ்கோஃபீல்டு, குருத்தணுவைக் குருத்தணுவாக வைத்திருப்பது அது குடியிருக்கும் இடமே என்று வாதித்து, அவ்விடத்துக்குச் சுவர் மாடம் என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார். அகல்விளக்கு அணையாமல் இருக்க மாடம் வேண்டும் என்பது நம் பாட்டிமாருக்குப் புதிய செய்தியன்று.

இதனால் நோயாளிக்கு என்ன அனுகூலம்? ரத்தப் புற்றுநோயோ தலசீமியாவோ கண்ட ஒருவருக்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்ய, திசு வகை பொருந்திய கொடையாளி வேண்டும். மலேசியாவில் அச்சிகிச்சை 1987-ல் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கியது. உடன்பிறந்தார் ஒருவர் பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்கே சாத்தியம்; எட்டுப் பிள்ளைகள் பெற்ற தோட்டத்துக் குடும்பங்களில் யாராவது ஒருவர் கிடைத்திருக்கக்கூடும், இரண்டு பிள்ளைகளோடு நின்றுவிட்ட இன்றைய பட்டணத்துக் குடும்பங்களில் அதற்கு வழி குறைவு. அந்நியர்களிடையே தேடினாலும், பொருத்தம் பெரும்பாலும் சொந்த இனத்திலேயே அமைகிறதாகையால், ஜனத்தொகையில் நூற்றுக்கு ஏழு பேர் அளவே இருக்கும் மலேசிய இந்தியரான நம்மவருக்குத் தேடும் களம் குறுகியது.

இங்கேதான் தொப்புள்கொடி ரத்தம் கைகொடுக்கிறது. 1988-ல் பாரிஸில் எலியான் குளுக்மான் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ஏற்றிய அந்த ரத்தம், திசு வகை சற்றே முரண்பட்டாலும் பொறுத்துக்கொள்ளும். குறை, அளவில்தான்: ஒரு கொடியில் கிடைப்பது வளர்ந்த ஒருவரின் சரீரத்துக்குப் போதுவதில்லை, புதிய வெள்ளணுக்கள் தலைகாட்ட வாரங்கள் செல்லும், அதற்குள் சாதாரணக் கிருமியும் எமனாகிவிடும்.

இந்தக் குறையைப் போக்கத்தான் ஸ்ட்ரோமாவின் உதவியை நாடினார்கள். ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தார், ஸ்ட்ரோமா வகை அணுக்களின் விரிப்பின் மேல் கொடி ரத்தத்தைப் பதினான்கு நாள் வளர்த்து, 31 நோயாளிகளுக்கு ஏற்றி, பலனை 2012-ல் வெளியிட்டார்கள். விரிப்புக்கு வேண்டிய அணுக்களை முதலில் நோயாளியின் உறவினரது மஜ்ஜையிலிருந்து எடுத்தார்கள். அது தாமதமாகவே, பிறகு ஆயத்தமாகக் கிடைத்தவற்றைப் பயன்படுத்தினார்கள். குருத்தணுக்கள் அடங்கிய பிரிவு சுமார் முப்பது மடங்கு பெருகிற்று. வளர்க்காத கொடி ரத்தம் மட்டும் பெற்றவர்களுக்கு வெள்ளணு தலையெடுக்க 24 நாள் ஆக, இவர்களுக்கு 15 நாளே ஆயிற்று. தனிமை அறையில் கிடக்கும் நோயாளிக்கு ஒன்பது நாள் என்பது அற்பமன்று.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கலாகாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு கொடி ரத்தங்கள் ஏற்றப்பட்டன; ஒன்று வளர்த்தது, மற்றது தொடாமல் வைத்தது. நாளடைவில் மஜ்ஜையில் நிலைத்துக் குடியேறியது, அநேகமாக எல்லோரிடத்தும், தொடாததுதான். கொட்டகையில் விட்ட குழந்தைகளில் பெரும்பாலானவை பதினான்கே நாளில் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டன போலும். குழந்தையாகவே இருந்து வம்சத்தைத் தாங்க வேண்டியவை குறைந்து போயிருக்கலாம். பெருக்குவது எளிது, பெருக்கும்போதே முதிராமல் வைத்திருப்பது அரிது என்ற இச்சிக்கலுக்கு வேறு வழியும் தேடினார்கள். 2023 ஏப்ரலில் அமெரிக்க அரசு அங்கீகரித்த ஓமிடுபிசெல் என்ற சிகிச்சை, ஸ்ட்ரோமா விரிப்பே இல்லாமல், நிக்கோட்டினமைடு என்ற பி-வைட்டமின் வகையைக் கொண்டு கொடி ரத்தத்தை வளர்க்கிறது. ஆயாவின் ஸ்தானத்தில் ஒரு வைட்டமின்! ஆயினும், எந்த விதமாக வளர்த்த அணுவும் ரத்தக் குழாய் வழியே பிரயாணம் செய்து நோயாளியின் எலும்புக்குள் புகும்போது, கடும் மருந்துகளால் பழைய ரத்த அணுக்களெல்லாம் அழிந்த பின்னும் அங்கே எஞ்சியிருந்து அதை ஏற்றுக்கொள்வது, பெரும்பாலும் அந்நோயாளியின் சொந்த ஸ்ட்ரோமாதான்.