ஒருவர் பார்த்தால் மஞ்சள், இருவர் பார்த்தால் பச்சை

பலர் கூடிப் பதிவுகளைச் சரிபார்க்கும்போது, யார் எதைப் பார்த்தார் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். அல்லாவிடில் பார்த்ததையே பலரும் பார்ப்பர். எவரும் பாராத பக்கம் பிழையோடு கிடக்கும். இதற்கு உதவுவதே 'விக்கி'. பலரும் சேர்ந்து எழுதித் திருத்தக்கூடிய இணையப் பக்கம் இது. முதல் விக்கியை 1995இல் அமெரிக்கரான வார்ட் கன்னிங்காம் அமைத்தார்.

'விக்கிமூலம்' என்ற இணைய நூலகத்தில் தொண்டர்கள் பழைய நூல்களை இம்முறையில் ஒப்புநோக்குகின்றனர். தமிழிலும் இப்பணி நடைபெறுகிறது. மெய்ப்புப் பாராத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்தது மஞ்சள். இன்னொருவரும் பார்த்துச் சரிகண்டால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. சிக்கலான பக்கத்துக்கு வேறொரு நிறம் உண்டு. ஒவ்வொரு திருத்தமும் பதிவாகும். பிழையாகத் திருத்தினால் முன்னையதை மீட்கலாம்.

கணினி இல்லாத இடத்திலும் இம்முறை கைகொடுக்கும். எமது காணிப் பட்டியலில் ஓர் இலக்கம் தவறினாலும், மீளக் குடியேறும் குடும்பம் அலைய நேரிடலாம். ஆகவே சங்கக் கொப்பியில் ஒருவர் எழுதட்டும். மற்றொருவர் காணி உறுதியோடு ஒப்பிட்டுக் கையொப்பமிடட்டும். உறுதி தொலைந்தவர்களின் பெயரைத் தனியாகக் குறியுங்கள். பிழையை அழிக்காதீர்கள், கோடிட்டு வெட்டி, அருகே சரியானதை எழுதுங்கள்.