குளியலறையில் ஒரு பேசினா, இரண்டா?

வளைகுடா நாடுகளில் வாழும் எம்மவர் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

டுபாயிலோ சார்ஜாவிலோ குளியலறைப் பொருட்கள் விற்கும் கடைக்குள் நுழையும் எம்மவர் கண்ணில் முதலிற் படுவது, நீண்ட அலுமாரியொன்றின் மேல் பளிங்குப் பலகை பதித்து, அதில் இரண்டு பேசின்களை அருகருகே பொருத்தி வைத்திருக்கும் காட்சியே. ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் காலைநேர நெரிசல் பாதியாகிவிடும் என்று விற்பனையாளர் கூறுவார். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆயினும், பல தடவை இடம்பெயர்ந்து, நாளை எங்கே குடியிருப்போம் என்பதை இன்னமும் உறுதியாகக் கூறமுடியாத நிலையில் வாழும் எமது குடும்பங்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன் சில விடயங்களை ஆறுதலாக எண்ணிப்பார்த்தல் அவசியமாகும்.

சுவர் யாருடையது?

ஐக்கிய அரபு இராச்சியம் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இணைந்துகொள்ளாத நாடு. சவூதி அரேபியா, குவைத், கட்டார், ஓமான், பஹ்ரேன் ஆகியனவும் அவ்வாறே. ஐரோப்பாவிலும் கனடாவிலும் உள்ள எமது உறவுகளின் நிலை வேறு; இங்குள்ள எம்மவரிற் பெரும்பாலானோரின் வதிவுக்குத் தொழில் விசாவே ஆதாரம். வேலை போனால் வீட்டையும் விட்டுப் புறப்பட வேண்டியதுதான்.

டுபாயின் 2007ஆம் ஆண்டு 26ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின்படி, வீட்டுச் சொந்தக்காரரின் அனுமதியின்றி வாடகைக்கு இருப்பவர் வீட்டில் எவ்வித மாற்றமும் செய்யலாகாது. அனுமதி பெற்றுச் செய்தாலும், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, நிலையாகப் பொருத்தியவற்றைப் புறப்படும்போது கழற்றிச் செல்லவும் முடியாது. சுவரோடும் குழாயோடும் இணைக்கப்பட்ட பேசின் அத்தகையதே. ஆகவே வாடகை வீட்டில் அதற்குச் செலவிடும் பணம் அடுத்துவரும் குடியிருப்பாளருக்கு நாம் வழங்கும் அன்பளிப்பாகிவிடும். கையோடு எடுத்துச் செல்லக்கூடிய கண்ணாடியும் சிறு அலுமாரியும் வாங்குவதே அங்கு புத்தி.

வெளிநாட்டவர் குறித்த சில பகுதிகளில் வீட்டைச் சொந்தமாக வாங்குவதற்கு டுபாயின் 2006ஆம் ஆண்டு 7ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. அவ்வாறு வாங்கியோருக்கே ஒன்றா, இரண்டா என்ற கேள்வி உண்மையில் எழுகின்றது. இனிவருவன அவர்களுக்காக.

நெரிசல் எங்கே?

பாடசாலை பஸ் வருவதற்கு முன்னுள்ள அரைமணி நேரத்தில் ஐந்து பேர் ஒரு குளியலறைக்காகக் காத்து நிற்கும் வீடுகள் பல. அவர்கள் காத்து நிற்பது எதற்காக? பெரும்பாலும் மலசலகூடத்துக்காகவும் குளிப்பதற்காகவுமே. ஒருவர் கதவைப் பூட்டிக்கொண்டு குளிக்கும்போது, உள்ளே எத்தனை பேசின் இருந்தாலும் வெளியே நிற்பவருக்கு அவற்றால் பயனில்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, தனி வசதியற்ற கப்பற் பணியாளர் ஆறு பேருக்குக் குறைந்தது ஒரு மலசலகூடம், ஒரு பேசின், ஒரு குளிக்கும் வசதி வேண்டுமென விதித்துள்ளது. மூன்றும் ஒரே விகிதத்தில் அமைந்திருப்பதைக் கவனியுங்கள். பேசினை மட்டும் இரட்டிப்பாக்கினால் வரிசை குறையாது.

அளவும் முக்கியம். ஒரு பேசினுக்கு 60 முதல் 90 சென்ரிமீற்றர் அகலம் போதும். இரண்டுக்கு ஏறத்தாழ 150 சென்ரிமீற்றர் வேண்டும். இரு பேசின்களின் நடுப்பகுதிகளுக்கிடையே 75 சென்ரிமீற்றராவது இல்லாவிடில் முழங்கைகள் மோதிக்கொள்ளும். 120 சென்ரிமீற்றருக்குள் இரண்டையும் அடக்கினால், சீப்பும் சவர்க்காரமும் வைக்க இடமிராது. இலாச்சிகள் இருக்கவேண்டிய இடத்தையும் இரட்டைக் குழாய்கள் பிடித்துக்கொள்ளும்.

வெயிலும் நீரும்

வற்றாத நதி ஒன்றேனும் இல்லாத நாடு இது. குவைத் ஒருகாலத்தில் ஷத்அல்அரப் ஆற்றிலிருந்து பாய்மரக் கப்பல்களில் நன்னீரை ஏற்றிவந்து பருகியது. இன்றோ இந்நாடுகளின் குழாய்களில் வருவது பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்துப் பெற்ற நீரே. இரண்டு பேசின் இருந்தால் இரண்டு குழாய்கள் ஒரே வேளையில் திறந்திருக்கும். எதை வாங்கினாலும், நீரோடு காற்றைக் கலந்து செலவைக் குறைக்கும் சிறு சல்லடை குழாயின் வாயிற் பொருத்தப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்.

பேசினின் கீழே வளைந்து செல்லும் குழாயில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும். கழிவுக் குழாயின் நாற்றத்தையும் கரப்பான் பூச்சியையும் மேலே வரவிடாமல் தடுப்பது அந்நீரே. பயன்படுத்தாத பேசினில் அது ஆவியாகிவிடும். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை கழிந்து திரும்பும்போது வீடு நாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். வைத்திருக்கும் ஒவ்வொரு பேசினிலும் வாரமொருமுறையாவது நீரை ஓடவிடல் வேண்டும்.

அலுமாரியின் பலகையையும் தட்டிப் பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, கரையோர ஈரக்காற்றிலும், எம்மவர் நீரூற்றிக் கழுவும் தரையிலும் விரைவில் ஊதிப் பெருத்துவிடும். நீர்தாங்கும் ஒட்டுப்பலகை அல்லது அலுமினியம் நன்று. தரையில் முட்டாமல் சுவரில் தொங்கும் அலுமாரி அதனினும் நன்று.

இரண்டாவது பேசினுக்கு உரிய இடம்

அரபு மக்களின் வீடுகளில், விருந்தினர் அமரும் மஜ்லிஸுக்கும் சாப்பாட்டறைக்கும் அருகே கைகழுவுவதற்கென்றே பேசின் அமைக்கும் வழக்கம் உண்டு. கையால் உண்போர் கண்ட நல்ல முறை அது. எமது ஊரிலும் உண்டெழுந்தவர் கிணற்றடியிலோ விறாந்தை ஓரத்திலோ கைகழுவினரேயன்றிக் குளியலறைக்குள் நுழையவில்லை.

ஆகவே இரண்டாவது பேசின் வேண்டுமாயின், அதனைக் குளியலறைக் கதவுக்கு வெளியே, சாப்பாட்டு மேசைக்கு அண்மையில் வையுங்கள் என்பதே எமது கருத்து. ஒருவர் உள்ளே குளிக்கும்போது இன்னொருவர் வெளியே பல்துலக்கலாம். விருந்தினர் குளியலறைக்குள் போகாமலே கைகழுவலாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தோர் உட்பட, ஐவேளைத் தொழுகைக்கு முன் வுழூச் செய்வோருக்கும் இது வசதியானது. குளியலறை அல்லது சமையலறைச் சுவரின் மறுபக்கத்தைத் தெரிவுசெய்தால் குழாய் நீளமும் கூலியும் குறையும். மாடிக் குடியிருப்பாயின் கட்டட நிர்வாகத்தின் அனுமதியை முன்னரே பெறுதல் வேண்டும்.

மலசலகூடமும் குளிக்கும் இடமும் தனித்தனிக் கதவுகளோடு அமைந்து, பேசின் பகுதி திறந்ததாய், அகலமும் போதியதாய் இருந்தால் மட்டும் இரட்டைப் பேசின் தன் விலைக்கு ஈடான பயனைத் தரும். மற்றெல்லா வீடுகளிலும் ஒரு பேசினும் அதன் இருபுறமும் தாராளமான பலகையுமே போதுமானவை. மிஞ்சும் பணத்துக்குப் பிள்ளைகளின் படிப்பு முதற்கொண்டு எத்தனையோ தேவைகள் காத்திருக்கின்றன.