பாடி வருபவரைக் கேமராவில் பிடிப்பது

இரவுக் கபடியில் எடுத்த படம் மங்கலாக வந்துவிட்டால் பலரும் முதலில் திட்டுவது கேமராவைத்தான். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தால் காரணம் அதிலேயே தெரியும். களக் கோடும் நடுவரும் தெளிவாக இருந்து, பாடி வருபவரின் கை கால் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. கோடு, நடுவர், கூட்டம் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா பிடித்த கை ஆடியிருக்கிறது. ஆட்டக்காரர் மங்கி, பின்னால் கட்டிய விளம்பரத் தட்டி பளிச்சென்று இருந்தால் போகஸ் தப்பிவிட்டது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. லென்ஸில்தான் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று 1/125 நொடியில் எடுப்பவர்கள் உண்டு. அது நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். ஓடுகிறவரை நிறுத்தி வைக்காது.

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் ஆள் எவ்வளவு நகர்கிறார் என்பதுதான் அடிப்படைக் கணக்கு. 2009-இல் பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடியபோது அவருடைய உச்ச வேகம் நொடிக்கு 12 மீட்டருக்குச் சற்று அதிகம். 1/250 நொடியில் எடுத்தால் அதற்குள் அவர் கிட்டத்தட்ட 5 செ.மீ. நகர்ந்திருப்பார், 1/1000 என்றால் 12 மி.மீ.தான். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து அதே 1/1000 நொடியில் ஏறக்குறைய 4 செ.மீ. போய்விடும். பந்தின் குறுக்களவே 7 செ.மீ. சொச்சம்தான் என்பதால் படத்தில் அது முட்டை வடிவத்தில் நிற்கும். கபடியில் யாரும் போல்ட் வேகத்தில் ஓடுவதில்லை. ஆனால் உதைக்க நீளும் கால் உடம்பைவிட வெகு வேகமாகப் போகும். அதனால் 1/1000-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

உட்காரும் இடமும் இந்தக் கணக்கில் சேரும். பக்கவாட்டில் இருந்தால் ஆட்டக்காரர் படத்தைக் குறுக்கே கடப்பார், இழுபடுவது அதிகம். பிடிப்பவர்களின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் அமர்ந்தால் அவர் நம்மை நோக்கி வருவார். நகர்வு குறைவாகப் பதியும், முகமும் கிடைக்கும். தலைக்கு மேல் தாவித் தப்புகிறவர் உச்சியைத் தொடும் கணத்தில் மேலும் போவதில்லை, கீழும் இறங்குவதில்லை. அதற்கு 1/10 நொடி முன்னும் பின்னும் அவர் உயரம் 5 செ.மீ.தான் மாறும். வெளிச்சம் மிகவும் மோசம் என்றால் அந்த இடத்துக்காகக் காத்திருந்து 1/500-லேயே எடுத்துவிடலாம்.

ஷட்டரை வேகமாக்கினால் வெளிச்சம் குறையும். ஈடுகட்ட அப்பர்ச்சரைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும். எஃப் 2.8 லென்ஸ், எஃப் 5.6 லென்ஸைவிட நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். முன்னதற்கு ஐஎஸ்ஓ 6400 போதும் என்கிற இடத்தில் பின்னதற்கு 25600 தேவை. விளையாட்டுப் படக்காரர்கள் அந்தக் கனத்த லென்ஸைத் தூக்கிக்கொண்டு அலைவது இதற்காகத்தான். ஐஎஸ்ஓவை ஏற்றப் பயப்பட வேண்டாம் என்பது என் கட்சி. நாய்ஸ் வந்தால் பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். இழுபட்ட முகத்தை அப்படி மீட்க முடியாது. மேனுவல் மோடில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நிறுத்திவிட்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுவது வசதி.

அப்பர்ச்சரைத் திறந்தால் இன்னொரு சிக்கல் வரும். முழு ஃபிரேம் கேமராவில் 200 மி.மீ. லென்ஸை எஃப் 2.8-இல் வைத்து 10 மீட்டர் தள்ளி நிற்பவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 40 செ.மீ. மட்டுமே. முகம் கூர்மையாக இருக்கும். தொட நீட்டிய விரல் மங்கும். எனவே ஒருமுறை போகஸ் ஆனதும் பூட்டிக்கொள்ளும் முறை இங்கே உதவாது. ஆளைத் தொடர்ந்து துரத்தும் முறை வேண்டும்: நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி, கேனனில் சர்வோ.

தொட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு பட்டனை அழுத்தினால் கணம் போய்விட்டிருக்கும். 1878-இல் பாலோ ஆல்டோவில் ஓடும் குதிரையைப் படமெடுத்த எட்வர்ட் மைபிரிட்ஜ் விரலை நம்பவே இல்லை. வரிசையாகக் கேமராக்களை வைத்து, குறுக்கே கட்டிய நூலைக் குதிரையே இழுத்து ஷட்டரை இயக்கும்படி செய்தார். நாம் செய்யக்கூடியது, பிடிப்பவரின் முழங்கால் மடங்கும்போதே பர்ஸ்டைத் தொடங்கிவிடுவது.

எல்லா ஆட்டத்துக்கும் 1/1000 என்று பாடம் பண்ணிவிடவும் கூடாது. ரேக்ளாவில் சக்கரத்தின் ஆரக்கால்கள் எண்ணும்படி உறைந்துவிட்டால் வண்டி நிற்பது போலத்தான் தெரியும். 1/60-இல் வைத்து, மாட்டின் வேகத்துக்குக் கேமராவையும் சேர்த்துத் திருப்பினால் தலை தெளிவாகவும் சக்கரம் சுழன்றும் வரும். பத்துக்கு ஒன்று தேறினால் அதிகம்.

கபடிக் களத்துக்குத் திரும்பினால், விளக்கு ஒன்று பாக்கி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. 1/1000 நொடிப் படம் அந்த ஏற்ற இறக்கத்தில் பத்தில் ஒரு துண்டைத்தான் பிடிக்கும். அடுத்தடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று இருட்டாகவும் வருவது அதனால்தான். பல கேமராக்களில் இதற்கென்றே ஆன்டி-ஃப்ளிக்கர் வசதி உண்டு. வெளிச்சம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் அது ஷட்டரை விடும். எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரிவரியாக வாசிப்பதால் இத்தகைய விளக்கில் கறுப்புப் பட்டைகள் விழக்கூடும். மெக்கானிக்கல் ஷட்டர் இருந்தால் அதற்கு மாறிக்கொள்ளலாம். ஆட்டம் தொடங்குமுன் செல்போனின் ஸ்லோமோஷனில் விளக்கை எடுத்துப் பாருங்கள். துடிப்பது தெரிந்தால் அந்த வசதியை ஆன் செய்துவிட்டு உட்காருங்கள்.