இடம் மாறும் பெற்றோர். இடம் தேடும் குழந்தைகள்

புதுதில்லி: புணே நகருக்குத் தென்மேற்கே, முத்தா ஆற்றின் குறுக்கே 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அணையை ஒட்டி அமைந்துள்ளது கடக்வாஸ்லா. 1961 ஜூலையில் பான்ஷேத் அணையோடு இந்த அணையும் உடைந்து புணேயை வெள்ளத்தில் ஆழ்த்தியதை அந்நகரின் முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனால், நாட்டின் பிற பகுதிகளில் உள்ளவர்கள் இவ்வூரை அறிந்திருப்பது தேசிய பாதுகாப்பு அகாதெமியால்தான். அதே வட்டாரத்தில் மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையமும், கிரிநகரில் பாதுகாப்புத் துறையின் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் உள்ளன.

இம்மூன்றுக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. இங்குப் பணியாற்றுவோரில் பலர் இவ்வூர்க்காரர்கள் அல்லர். தில்லியில் கையெழுத்தாகும் ஓர் உத்தரவு அவர்களை இங்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. சில ஆண்டுகளில் இன்னோர் உத்தரவு வேறிடத்துக்கு அழைத்துச் செல்கிறது. அவர்களில் தமிழர்களும் உண்டு. உத்தரவில் பெற்றோரின் பெயர் மட்டுமே இருக்கும். இடம் மாறுவது குழந்தைகளும்தான்.

சாதாரணமாகக் கற்கும் குழந்தைக்கு இது ஓரிரு மாதச் சங்கடம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கோ, பள்ளிக்குச் செல்லும் பாதை, வகுப்பறைக் கதவு, ஆசிரியையின் குரல் என்று ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் பழக்கப்படுத்திக்கொண்ட உலகம். அது ஒரே நாளில் கலைந்துவிடுகிறது. மூளை முடக்குவாதத்துடன் வலிப்பு நோயும் பேச்சுக் குறைபாடும் சேர்ந்துள்ள குழந்தைக்குப் புதிய மருத்துவர், புதிய பேச்சுப் பயிற்சியாளர், புதிய இயன்முறை சிகிச்சை நிபுணர் ஆகிய அனைவரையும் முதலிலிருந்து தேட வேண்டும். அதன் பிறகே பள்ளியைப் பற்றி யோசிக்க முடியும்.

சட்டத்தில் குறையில்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே அங்கீகரித்தது. 2016-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக உயர்த்தியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அப்போதுதான் பட்டியலில் இடம்பெற்றன. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அருகமைப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு.

சிக்கல் தொடங்குவது விதிகள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில்.

கேந்திரிய வித்யாலயங்கள் பிறந்ததே இடம் மாறும் ஊழியர்களின் பிள்ளைகளுக்காகத்தான். 1963-இல் படைப்பிரிவுகள் நடத்தி வந்த 20 பள்ளிகளை ஏற்று அத்திட்டம் தொடங்கியது. இன்று அவற்றின் எண்ணிக்கை 1,250-ஐத் தாண்டிவிட்டது. அகாதெமி வளாகத்திலும் கிரிநகரிலும் இப்பள்ளிகள் உள்ளன. மாணவர் சேர்க்கையில் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. அதிலும், கடந்த 7 ஆண்டுகளில் பெற்றோர் எத்தனை முறை இடம் மாறினர் என்ற கணக்கே வரிசையைத் தீர்மானிக்கிறது. நியாயமான ஏற்பாடுதான்.

மறுபுறம், மத்தியப் பணியாளர் துறை 2014 ஜூனில் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. மாற்றுத்திறன் குழந்தையைப் பராமரிக்கும் அரசு ஊழியருக்கு, நிர்வாகம் அனுமதிக்கும் அளவில், வழக்கமான சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்கு அளிக்கலாம் என்பது அதன் சாரம். 2018 அக்டோபரில் இது விரிவாக்கி வெளியிடப்பட்டது. இதுவும் நியாயமான ஏற்பாடே. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விநோதம் புரியும். குழந்தையின் நலன் கருதி ஒரே ஊரில் தங்கிவிடும் தாய்க்கு இடமாற்ற எண்ணிக்கை குறைகிறது. அதனால் பள்ளிச் சேர்க்கை வரிசையில் அவர் பின்னுக்குத் தள்ளப்படுகிறார். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான 3 சதவீத ஒதுக்கீடு மட்டுமே அவருக்குத் துணை. ஒரு துறை கொடுத்ததை மற்றொரு துறையின் விதி அறியாமலே பறிக்கிறது. இரு துறைகளின் அலுவலகங்களுக்கும் இடையே உள்ள தொலைவு, தில்லியில் ஒரு ஆட்டோ பயணத்துக்கு மேல் இல்லை.

இந்த விலக்கு அரசுப் பணியில் உள்ள சிவிலியன்களுக்கானது. ராணுவத்தினருக்குத் தனி ஏற்பாடுகள் உள்ளன. ராணுவத்தினரின் மனைவியர் நலச் சங்கம் பல கண்டோன்மென்ட்டுகளில் 'ஆஷா' என்ற பெயரில் சிறப்புப் பள்ளிகளை நடத்தி வருகிறது. புணேயிலும் ஒன்று உண்டு. ஆனால் கடக்வாஸ்லாவிலிருந்து கண்டோன்மென்ட்டுக்கு நகரைக் கடந்து செல்ல வேண்டும். பேருந்தின் இரைச்சலையே தாங்க முடியாத குழந்தைக்கு அது எளிதான பயணமன்று.

ஆசிரியர் எங்கே?

பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது என்றே கொள்வோம். அங்கே கற்பிப்பவர் யார்? 2021 அக்டோபரில் நீதிபதி ஏ.எம். கான்வில்கர் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்க வேண்டும் என்று கூறியது. மத்திய அரசும் 2022-இல் அதை அறிவிக்கையாக வெளியிட்டது. 2021-22 கல்வியாண்டுக் கணக்கின்படி நாட்டின் பள்ளிகளில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் 22.67 லட்சம். குறைந்த விகிதத்தில் கணக்கிட்டாலும் ஒன்றரை லட்சம் சிறப்பாசிரியர்கள் வேண்டும். மாநிலங்கள் பணியிடங்களைக்கூட நிர்ணயிக்காமல் இருந்ததால், 2025 மார்ச்சில் நீதிபதிகள் சுதான்ஷு துலியா, கே. வினோத் சந்திரன் அமர்வு காலக்கெடு விதிக்க நேர்ந்தது. நியமித்த பிறகு அல்ல, நியமிக்கப்படுவதற்கான இடங்களை அறிவிக்கவே உச்ச நீதிமன்றம் இருமுறை பேச வேண்டியிருந்தது.

கேந்திரிய வித்யாலயங்களில் ஆண்டுதோறும் நேர்முகத் தேர்வு நடத்தி, ஒப்பந்த அடிப்படையில் சிறப்பாசிரியரையும் மனநல ஆலோசகரையும் அமர்த்தும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. கல்வியாண்டு முடிந்தால் ஒப்பந்தமும் முடிந்தது. நிரந்தரப் பணியிடங்கள் அண்மைக்காலமாகத்தான் பேச்சுக்கே வந்துள்ளன.

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு தடையும் உண்டு, அது மொழி. எழுத்துகளைக் குழப்பிக்கொள்ளும் 8 வயதுச் சிறுவனுக்குக் கற்றல் குறைபாடா, அல்லது வீட்டில் தமிழும் வகுப்பில் ஆங்கிலமும் ஹிந்தியும் தெருவில் மராத்தியுமாக இருப்பதால் ஏற்பட்ட தடுமாற்றமா? இதைப் பிரித்தறியக் குழந்தையின் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும். தில்லியை அடுத்த மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்கென 2015-இல் வெளியிட்ட சோதனைக் கருவியில் ஹிந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கே இடம்பெற்றன. மும்மொழிச் சர்ச்சையில் அனல் பறக்கப் பேசும் நம் தலைவர்கள் எவரும், புலம்பெயர்ந்த தமிழ்ப் பிள்ளையை எந்த மொழியில் சோதிப்பது என்று கேட்டதாக நினைவில்லை. சோதனை இல்லையேல் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையேல் சிபிஎஸ்இ தரும் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மூன்றாம் மொழி விலக்கு ஆகிய எதுவும் இல்லை.

இது குறைபாடுள்ள பிள்ளைகளின் பிரச்னை மட்டுமன்று. 2022-இல் என்சிஇஆர்டி 3.79 லட்சம் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், படிப்பு, தேர்வு, தேர்வு முடிவு ஆகியவையே பதற்றத்துக்குக் காரணம் என்று 81 சதவீதத்தினர் கூறினர். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்று வந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகரை நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது.

பணம் ஓரளவு வருகிறது. மத்திய அரசு ஊழியரின் மாற்றுத்திறன் குழந்தைக்கான கல்விப்படி, 2024 ஜனவரி முதல் மாதம் ரூ. 5,625 ஆக உயர்த்தப்பட்டது. வாரத்தில் சில நாள் பேச்சுப் பயிற்சிக்குச் செல்லும் பெருநகரக் குடும்பத்துக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள்கள் உண்டு. இமாசலப் பிரதேசத்தில் அரசுக் கல்லூரிப் பேராசிரியை ஒருவருக்கு அதுவும் மறுக்கப்பட்டு, 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே மாநில அரசு தன் கொள்கையை மறுபரிசீலனை செய்யும் நிலை ஏற்பட்டது.

செலவே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. பள்ளி மாறும்போது தரப்படும் மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி, கடைசியாகப் படித்த வகுப்பு, நடத்தை எல்லாம் இருக்கின்றன. இந்தக் குழந்தை எந்தச் சத்தத்துக்கு அஞ்சும், எதைக் கொடுத்தால் அமைதியடையும், எழுத்தைவிடப் படத்தைக் காட்டினால் விளங்கிக்கொள்ளுமா என்பதை எழுத அதில் ஒரு வரிகூட இல்லை. பழைய பள்ளியின் சிறப்பாசிரியை இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தால், புதிய பள்ளியில் ஆறு மாதம் மிச்சமாகும். ஒரே சங்கத்தின்கீழ் இயங்கும் கேந்திரிய வித்யாலயங்களுக்குள்ளேனும் இதைக் கட்டாயமாக்க நாடாளுமன்றச் சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

ஆனால் எழுதிக் கொடுக்க அந்த ஆசிரியை அங்கே இருக்க வேண்டும். புதிய கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.