மத மாநாட்டில் நிருபர் எதுவரை போகலாம்? திருமலை முதல் சர்ச் கூட்டங்கள் வரை

2025 ஜனவரி 8 இரவு. வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்காகத் திருப்பதியில் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 6 பேர் இறந்தார்கள். ஊருக்குள் நடந்ததால் செல்போன் வீடியோக்கள் உடனே வெளியே வந்தன. இதே போன்ற ஒன்று மூடிய கதவுக்குள் நடந்தால் நமக்கு எப்படித் தெரியும்? மத அமைப்புகளின் நிகழ்ச்சிக்குள் நிருபர் நுழைவது உரிமையா, சலுகையா?

சட்டம் என்ன சொல்கிறது?

பத்திரிகைச் சுதந்திரம், பேச்சுரிமை தரும் அரசியல் சட்டப் பிரிவு 19(1)(அ)-வுக்குள் அடங்கும். ஆனால் அது எல்லா இடத்துக்குமான என்ட்ரி டிக்கெட் இல்லை. மரண தண்டனைக் கைதிகள் ரங்கா, பில்லாவைப் பேட்டி எடுக்க அனுமதி கேட்ட பிரபா தத் வழக்கில் (1982), பேட்டி எடுக்கும் உரிமை முழுமையானது அல்ல, எதிரில் இருப்பவரும் சம்மதிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இன்னொரு பக்கம், மதப் பிரிவுகள் தங்கள் மத விவகாரங்களைத் தாங்களே நிர்வகிக்கப் பிரிவு 26 இடம் தருகிறது.

அக்ரிடிடேஷன் கார்டு போதாதா?

போதாது. அது அரசு அலுவலகங்களுக்கும் அரசு நிகழ்ச்சிகளுக்கும் உதவும். தனியார் மாநாட்டுக்கு அதை நடத்துபவர்கள் தரும் பாஸ் தனியாக வேண்டும். தராமல் விடவும் அவர்களால் முடியும்.

திருமலையில் என்ன நிலைமை?

திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஆந்திராவின் 1987 அறநிலையச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அறங்காவலர் குழுவை மாநில அரசு நியமிக்கிறது. கோயிலுக்குள் கேமரா, செல்போன் கூடாது. பிரம்மோற்சவ நேரலையைத் தருவது தேவஸ்தானத்தின் சொந்த சேனலான எஸ்.வி.பி.சி. அதாவது, எதைக் காட்டுவது என்பது நிர்வாகத்தின் கையில். தரிசனம் முடித்து வரும் தலைவர்களிடம் கோயில் வாசலிலேயே மைக் நீட்டுவது வழக்கமாக இருந்தது. 2024 நவம்பர் 18-ல் கூடிய அறங்காவலர் குழு, திருமலையில் அரசியல் பேச்சுக்குத் தடை போட்டது.

ஆனாலும் நிருபருக்கு இங்கே ஒரு வழி உண்டு: ஆர்டிஐ. தேவஸ்தானத்தில் இதற்கென்றே தகவல் அலுவலர்கள் இருக்கிறார்கள்.

சர்ச் மாநாடுகளில்?

இங்கே கதவு இன்னும் இறுக்கம். இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2024-ல் பெங்களூருவில் கூடியது. இந்தக் கூட்டங்களில் விவாதம் பெரும்பாலும் மூடிய அறையில் நடக்கும், கடைசியில் அறிக்கை வரும். 2023 அக்டோபர் வாடிகன் சினாட்டிலும் நிருபர்களுக்குக் கிடைத்தது தினசரி விளக்கக் கூட்டம்தான். பங்கேற்பவர்கள் வெளியே பேசுவதில் 'நோன்பு' இருக்கட்டும் என்றார் போப் பிரான்சிஸ்.

உள்ளே விடலைன்னா செய்தியே இல்லையா?

அப்படி இல்லை. அமெரிக்காவின் சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளில் 20 ஆண்டுகளில் 700-க்கும் மேற்பட்டோர் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதை 2019-ல் வெளிக்கொண்டு வந்தது ஹூஸ்டன் கிரானிக்கிள். அதற்குக் கைகொடுத்தவை நீதிமன்ற ஆவணங்களும் பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களும். மாநாட்டு பாஸ் அல்ல. தென்னிந்தியத் திருச்சபையின் 2023 தலைமைத் தேர்தல் தகராறும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. உள்ளே நடந்த சண்டை, தீர்ப்பு வழியாக எல்லாரும் படிக்கக்கூடியதாக ஆனது.

சித்தூரில் ஒரு மைதானத்தில் நற்செய்திக் கூட்டம் நடந்தாலும் ஒலிபெருக்கிக்கு அரசு அனுமதி வேண்டும். எந்த மதமானாலும் இதே விதிதான். அந்த அனுமதிக் காகிதம் அரசு ஆவணம் என்பதால், ஆர்டிஐ-யில் கேட்கலாம்.

பாஸ் கிடைத்தால்?

வாங்கும்போதே நிபந்தனைகளைப் படிங்க: எந்த அமர்வுக்கு அனுமதி, படம் எடுக்கலாமா, எப்போது வெளியிடலாம். ஒப்புக்கொண்டால் மீறக் கூடாது. ஒப்புக்கொள்ள முடியாத நிபந்தனை என்றால் பாஸை வாங்காமல், வாசலுக்கு வெளியே நின்று வேலை பாருங்க. அனுமதி மறுக்கப்பட்டால் அதையும் செய்தியில் ஒரு வரி எழுதுங்க. இந்தச் செய்தி உள்ளே இருந்து வந்ததா, வெளியே இருந்து வந்ததா என்று வாசகருக்குத் தெரிய வேண்டும்.